கழுத்தில் உடைந்த வளையம்

ஆஸ்திரேலியாவின் பென்டிகோ காட்சித் திடலில் பாம்பு, பல்லி விற்கும் சந்தை. கூடத்தின் தகரக் கூரை வெயிலில் சடசடக்கிறது. கிளென் தன் மேசையிலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவை மறுபடியும் துடைக்கிறான். உள்ளே கறுப்பும் மஞ்சளுமாய், கழுத்தில் நடுவே விட்டுப்போன மஞ்சள் வளையத்தோடு சுருண்டு கிடக்கிறது மலைப்பாம்புக் குட்டி. விலைச்சீட்டில் நானூறு டாலரை அடித்து முந்நூறு, அதையும் அடித்து இருநூற்றைம்பது. தொப்பிக்காரர் ஒருவர் குனிந்து பார்க்கிறார்.

"பளிச்சுன்னுதான் இருக்கு. ஆனா அந்தம்மா நூறுக்குத் தராங்களே?"

எதிர் மேசையில் மொரீன். சில வருஷம் முன்பு இவனிடம் ஒரு ஜோடிக் குட்டி வாங்கிப் போனவள். இன்று அவளிடம் குட்டிகள் டப்பா டப்பாவாய் அடுக்கியிருக்கின்றன; கூடத்தில் பாதி மேசைகளில் இதே மஞ்சள்தான். 'அதெல்லாம் மட்டமான சரக்கு' என்று கிளெனுக்கு வாய் வரை வந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குட்டிகளின் கழுத்திலும் அதே உடைந்த மஞ்சள் வளையம். அவன் வருஷக்கணக்காய்ப் பொறுக்கிப் பொறுக்கி இணைசேர்த்துக் கொண்டுவந்த வளையம்.

"ரெண்டுக்கும் அப்படி என்னங்க வித்தியாசம்?"

கையிலிருக்கும் துணியைக் கசக்குகிறான் கிளென். "ஒரு வித்தியாசமும் இல்ல. அதுங்க என் வீட்டுப் பாம்போட பேத்திங்கதான். போய் வாங்கிக்கங்க."

தொப்பிக்காரர் நகர்கிறார். மொரீன் எதிரிலிருந்து உற்சாகமாய்க் கையாட்டுகிறாள்.

"கிளென்! உன் பேரைச் சொன்னாலே போதும்ப்பா, பிச்சிக்கிட்டுப் போகுது!"