விருப்பம் கேட்ட மேசை

அவள் முறை வந்தது.

நாகப்பட்டினத்துக் கூலி முகாம். மலாயாவுக்குப் போகும் கப்பல் கரைக்கு எட்டத்தில் நின்றது. அம்மை குத்திய அவள் கை இன்னும் வீங்கியிருந்தது.

முன்னால் போன எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். அவள் புருஷன் சன்னாசியும் அதையே சொல்லி, பெருவிரல் ரேகை வைத்துவிட்டு, அந்தப் பக்கம் போய் நின்றான். ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணி ரயிலிலேயே சொல்லிக்கொடுத்த பதில்.

ஆமா சாமி.

மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரி தலை தூக்காமல் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். குமாஸ்தா தமிழில் சொன்னார்.

"உன் விருப்பத்துலதான் போறியா?"

அவள் வாயைத் திறந்தாள்.

இருபத்தாறு வயதுக்குள் அவளிடம் யாரும் இதைக் கேட்டதில்லை. கல்யாணத்தின்போது கேட்கவில்லை. திருச்சியில் ரயிலேற்றும்போதும் கேட்கவில்லை.

"இல்ல சாமி."

கங்காணி இருமினார்.

குமாஸ்தா மறுபடி கேட்டார். இம்முறை மெதுவாக.

"கண்ணு நோவு இருக்குற புள்ளைய டாக்டரு விடமாட்டாருன்னு இந்தக் கங்காணி சொன்னாரு. மகள நாத்தனா வூட்டுல விட்டுட்டு வந்துட்டோம். சந்தைக்குப் போறதாச் சொல்லிட்டு வந்தோம், சாமி."

குமாஸ்தா அதை ஆங்கிலத்தில் சொன்னார்.

அதிகாரி இப்போது தலை தூக்கினார். அவள் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார்.

சன்னாசியைக் கூப்பிட்டார்கள். வேண்டுமானால் அவன் மட்டும் போகலாம். இல்லையென்றால் இரண்டு பேருக்கும் ஊருக்கு ரயில் சீட்டு. கங்காணி அவன் காதில் குனிந்து ஏதோ சொன்னார். இரண்டு வருஷமாக மழை பார்க்காத ஊரை நினைவுபடுத்தியிருப்பார்.

அவன் கப்பலைப் பார்த்தபடி நின்றான்.

பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தான்.

ரயிலடி வரை அவன் வேகமாக முன்னால் நடந்தான். அடி விழுமென்றே அவள் நினைத்திருந்தாள். எங்கே வைத்து என்பதுதான் தெரியவில்லை.

வேப்பமரத்தடியில் நின்றான். துண்டை உதறி விரித்தான். அவளை உட்காரச் சொன்னான்.

வண்டி வர நேரமிருந்தது.

தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"என்னையுந்தான் கேட்டாங்க. ஆமான்னுட்டேன்."