மணியின் நாக்கு
சபையில் யார் செத்தாலும், அவர்கள் வயசு எத்தனையோ அத்தனை தடவை சர்ச் மணியை அடிப்பது சர்ச்சைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையான அருமைநாயகத்தின் வேலை. ஞாயிறுதோறும் அவரும் மனைவி கிருபாவதியும் "சர்ச்சுக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிக்கொண்டு ஆளுக்கொரு திசையில் போகத் தொடங்கி நாலு வருஷம். இன்று காலை அவள் செத்துப்போனாள். சபைச் செயலாளர் சர்ச் வாசலிலேயே சொல்லிவிட்டார்: "வேற சபைக்குப் போனவங்க, அண்ணாச்சி. நம்ம சபை ஏட்டுல பேரை அடிச்சாச்சு. மணி கிடையாது." அருமைநாயகம் கோபுரத்தில் ஏறி, மணியின் நாக்கில் அவள் சேலையை இறுகச் சுற்றிவிட்டு இறங்கினார். கயிற்றை இழுத்தார். மணி ஆடியது, சத்தமில்லை. ஐம்பத்தாறு தடவை இழுக்கவேண்டும். முப்பது வருஷமாகப் பிசகாத எண்ணிக்கை நாற்பதுக்குமேல் எங்கேயோ தப்பியது. மறுபடி ஒன்றிலிருந்து இழுக்க ஆரம்பித்தார்.