நிற்காத அம்மா

இறந்துபோன தாய்க்கு வாண்டி செதுக்கிய மர உருவம் நிற்கவே மாட்டேனென்றது. முன்னோருக்கான செம்பனை எண்ணெய்ச் சோற்றை எதிரில் வைத்தால் குப்புற விழுந்தது. பாதங்களை இழைத்தான், மண்தரையைச் சமன்செய்தான்; பயனில்லை. அவளுக்குப் படைக்காமல் யாரும் உண்ண முடியாது. “கிழவி உன் சோத்த வேணாங்குறா,” என்றார் அந்த மேற்கு ஆப்பிரிக்க மெண்டே இனத்து ஊரின் பெரியவர்.

தங்கை யேமா சிரித்தாள். “அம்மாவுக்கு எப்பண்ணே ரெண்டு காலும் நேராச்சு? அவ கம்பூணி நொண்டுறாளேன்னு சந்தையில பத்தடி முன்னாலயே போவியே, இங்கயும் மறைக்கிறியா?”

வாண்டி குனிந்தபடியே ஒரு குச்சியைச் சீவினான். முன்னால் சாய்வதை முன்னால் ஊன்றிய மூன்றாவது கால்தான் தாங்கும். கம்பை அவள் கையில் பொருத்தித் தரையில் ஊன்றினான். அம்மா நின்றாள்.