ஆல் பாஸ் வருஷத்துப் பிள்ளை

கைவியர்வை பட்டு வினாத்தாளின் ஓரம் நைந்திருந்தது.

முத்துச்செல்வி அதை நீவிவிட்டு செராக்ஸ் மெஷினில் கவிழ்த்து வைத்தாள்.

"டியூஷன் சாருக்கு ஒரு காப்பிக்கா." பத்தாம் வகுப்புப் பெண். கணக்குப் பரீட்சை முடிந்து நேராகக் கடைக்கு வந்திருந்தாள். "அஞ்சு மார்க்ல ஒண்ணு போச்சு. நீங்க பத்தாவதுல கணக்குல எவ்ளோக்கா?"

"நாங்க எழுதவே இல்ல. கொரோனா வருஷம். ஆல் பாஸ்."

"குடுத்து வச்சவங்கக்கா நீங்க."

முத்துச்செல்வி சிரித்து வைத்தாள்.

எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்.

பெண் போன பிறகு பார்த்தால், மெஷின் தட்டில் இன்னொரு காப்பி கிடந்தது. முத்துச்செல்வியின் விரல்தான் இரண்டு என்று அமுக்கியிருக்கிறது.

கடையில் ஆள் இல்லை. முதலாளி தங்கப்பழம் அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்.

முதல் கணக்கைப் படித்ததுமே, பத்தாவதில் கூடப் படித்த ரிஸ்வானாவின் குரல் காதுக்குள் கேட்டது.

அந்த வருஷம் ஊரே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. பரீட்சை தள்ளிப்போனது. மறுபடியும் தள்ளிப்போனது. சாயங்காலமானால் முத்துச்செல்வி மொட்டைமாடியில் ஏறிவிடுவாள். சந்துக்கு அந்தப் பக்கத்து மாடியில் ரிஸ்வானா. அவள் கணக்கைக் கத்திச் சொல்வாள். இவள் கைப்பிடிச்சுவரில் கரித்துண்டால் போட்டுப் பார்த்து விடையைக் கத்துவாள்.

"தப்புடி! மைனஸ் எங்க?"

தெருவில் போலீஸ் ஜீப் வந்தால் மட்டும் இருவரும் குனிந்து உட்கார்ந்துகொள்வார்கள். சிரிப்பை அடக்குவதுதான் பெரும்பாடு.

அரையாண்டில் முத்துச்செல்வி பாஸ் மார்க் வாங்கியதே அதிசயம். அந்த மாடியில்தான் கணக்கு பிடிபட்டது. எப்போது என்று சொல்லத் தெரியாது. ஒருநாள் ரிஸ்வானா எதைக் கேட்டாலும் விடை சரியாக வந்தது.

"ஏட்டி, நீ என்னையே முந்திருவ போலயே."

அதன் பிறகு பரீட்சைக்குக் காத்திருந்தாள். அதுவரை அவள் காத்திருந்தது அம்மன் கோவில் கொடைவிழாவுக்கு மட்டும்தான்.

பரீட்சை வரவில்லை.

எல்லோரும் பாஸ் என்று டிவியில் சொன்னார்கள். தெருவில் சரம் வெடித்தார்கள். அம்மா கேசரி கிண்டினாள்.

அன்று சாயங்காலமும் இருவரும் மாடிக்கு வந்தார்கள்.

ரிஸ்வானா புத்தகம் கொண்டுவரவில்லை.

கொஞ்ச நேரம் கையாட்டினார்கள். பிறகு இறங்கிவிட்டார்கள்.

காலாண்டு, அரையாண்டு மார்க்கைத்தான் கணக்கில் எடுத்தார்கள். ப்ளஸ் ஒன்னில் அவள் கேட்ட கணக்கு குரூப் கிடைக்கவில்லை. "மாடில போட்ட கணக்கெல்லாம் நாங்க எங்கம்மா பாத்தோம்?" என்றார் தலைமையாசிரியை. வருத்தமாகத்தான் சொன்னார்.

போகப்போக அவளுக்கே சந்தேகம் வந்தது. நிஜமாகவே தெரிந்திருந்ததா?

ரிஸ்வானா கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். கேட்டுக்கொள்ளவும் ஆள் இல்லை.

முத்துச்செல்வி வெள்ளைத்தாள் கட்டிலிருந்து கொஞ்சம் உருவினாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள். பேனா மூடியைக் கழற்றினாள்.

பல கணக்குகள் மறந்திருந்தன. விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். அதுவும் மறந்திருந்தது. அதற்கடுத்த ஒரு சமன்பாடு, கை வைத்ததும் பிரிந்து கொடுத்தது.

விடையைச் சுற்றிக் கட்டம் போட்டாள்.

அண்ணாச்சி வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"என்ன பிள்ள இது?"

"பரீட்சை அண்ணாச்சி." தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

அவர் வினாத்தாளை எட்டிப் பார்த்தார். நேரம் என்று அச்சடித்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தை.

வெளியே போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்.

யாரோ ஆதார் காப்பி எடுக்க வந்திருந்தார்கள். "என்ன அண்ணாச்சி, கடை இல்லையா?"

"மெதுவாப் பேசும்," என்றார் அண்ணாச்சி. "உள்ள பிள்ள பரீட்சை எழுதிக்கிட்டிருக்கு."