சாணுக்கு மேல் போகாத செடி

டோரீன் மணி பிளாண்ட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள். இரண்டு வருடம் பொறுத்ததே பெரிது என்பது அவள் எண்ணம்.

“இந்தா செரீபா, நீ குடுத்த கொடிய நீயே வச்சுக்க. ஒன்னோடது கூரை வரைக்கும் ஏறிருச்சு. என்னோடது சாகவும் இல்ல, சாணுக்கு மேல போகவும் இல்ல. ஒதவாததாப் பாத்துத்தானே வெட்டிக் குடுத்த?”

“அல்லாஹ்வே! ரெண்டும் ஒரே கொடிதான் அக்கா. தண்ணி ஊத்துறீங்களா?”

“தண்ணி, முட்டைக் கோது, தேயிலைச் சக்கை, எல்லாம் போட்டாச்சு. சர்ச்சுல இருந்து தீர்த்தங்கூடக் கொண்டாந்து தெளிச்சேன். இனி ஒன் வாசப்படிய மிதிக்க மாட்டேன்!”

சொன்னவள் போகவில்லை. இருபது வருடச் சிநேகிதத்தை முறிக்க இன்னும் நாலு வார்த்தை வேண்டியிருந்தது. தொட்டியை மேசையில் வைத்து, நின்றபடியே பொரிந்து தள்ளினாள். செரீபா தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். குற்றமுள்ள முகம் என்று டோரீன் முடிவு கட்டினாள்.

“அக்கா, ஒங்க கையப் பாருங்க. வந்ததுல இருந்து இது மூணாவது.”

டோரீன் குனிந்து பார்த்தாள். விரல்களுக்கிடையில், அப்போதுதான் கிள்ளிய இளந்தளிர். முப்பத்தொரு வருடம் மலையில் தேயிலைக் கொழுந்தெடுத்த விரல்கள். பென்சன் வாங்கியது டோரீன் மட்டும்தான். விரல்களுக்கு யாரும் சொல்லவில்லை.

தளிரை எங்கே ஒளிப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. கைக்குத் தெரிந்திருந்தது. தோளுக்கு மேலே வீசி, முதுகில் இல்லாத கூடைக்குள் போட்டது.

செரீபாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “ஒக்காருங்க அக்கா, தேத்தண்ணி ஊத்துறேன். கைய மட்டும் மடியில வச்சுக்கங்க.”