இரும்புத் தொப்பி

ரெல்முவுக்கு மூளை கெட்டுவிட்டது என்றுதான் சோல்சோல் ஆற்றங்கரை முழுக்கப் பேச்சு.

பின்னே என்ன? சிலி நாட்டுப் பூர்வகுடிகளான எங்கள் மப்புச்சே ஜனத்தில் பிறந்து, தலைநகர் சாந்தியாகோவுக்குப் போய்ப் படித்து, திரும்பி வந்து ஒரு வீடியோ கேம் செய்திருக்கிறாள். ஸ்பானியர்கள் எங்கள் மண்ணைப் பிடிக்க வந்த காலத்துக் கதை. ஆட உட்காருகிறவன் ஆரம்பத்தில் நம்மாள்தான். எங்கள் கம்பளிப் போர்வையான போன்ச்சோவைப் போர்த்திக்கொண்டு தன் வீட்டு வாசலில் நிற்கிறான். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அவன் தலையில் ஸ்பானியச் சிப்பாயின் இரும்புத் தொப்பி. கையில் தீப்பந்தம். கொளுத்த வேண்டியது அவன் வீட்டையேதான்.

நானும் ஆடிப் பார்த்தேன். ஒரே தும்மலில் ஸ்பானியக் குதிரைப்படையை ஆற்றில் தள்ளிய பூட்டனின் வம்சம் நான். எனக்கும் தொப்பிதான்.

எங்கள் சங்கத் தலைவர் தோன் அன்செல்மோவை மட்டும் விட்டதா? பத்திரிகைக்காரன் வருகிறான் என்றால் போன்ச்சோவும் நெற்றிப் பட்டையுமாக நிற்கிற மனுஷர். பேட்டி முடிந்து அவன் கார் வளைவில் மறைந்ததும் இரண்டையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். அவர் மறுபடி மறுபடி ஆடினார். மறுபடி மறுபடி தொப்பி.

ஊர்க் கூட்டத்தைக் கூட்டிவிட்டார்.

ஊர் சம்மதிக்காமல் ஆட்டத்தை வெளியே விடமாட்டேன் என்று ரெல்முவே முன்பு வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போது ஊர் வேண்டாமென்று கை தூக்கினால், அவளுடைய வருஷக்கணக்கான உழைப்புக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயே சமாதி.

கூடத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி ஆட்டத்தை ஓடவிட்டார்கள். ஆளாளுக்குக் குறை. ஸ்பானியன் தலையை வெட்டவாவது விட்டிருக்கலாம் என்றான் ஒருவன். எந்த விங்கா காசு கொடுத்தானோ என்றாள் இன்னொருத்தி. விங்கா என்றால் எங்கள் பாஷையில் அந்நியன். கொஞ்சம் அழுத்திச் சொன்னால் திருடன்.

கூட்டத்தில் சுற்றி வந்த மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளை தன்னிடம் வந்தபோது ரெல்மு உறிஞ்சிக் குடித்துவிட்டு, ஊற்றுகிறவளிடம் திருப்பிக் கொடுத்தாள்.

அந்த நேரம் பார்த்து வெர்னர் வந்தான். வீடுவீடாக கேஸ் சிலிண்டர் போடுகிறவன். அவனுடைய கொள்ளுத் தாத்தா ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்து எங்கள் மேய்ச்சல் நிலத்தைச் சுற்றி வேலி போட்டவர். தோன் அன்செல்மோவின் கண் மின்னியது.

"வாடா தம்பி. நீ உக்காந்து ஆடு. அசல் விங்காவுக்கு இவ என்ன மாட்டறான்னு பாப்போம். உனக்குக் கிரீடமே வைப்பா."

கூடமே சிரித்தது. வெர்னர் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

திரையில் எப்போதும்போல ஒரு குதிரைக்காரர் வாசலில் வந்து இறங்கினார். எங்கள் முறைப்படி நலம் விசாரிக்க ஆரம்பித்தார். அப்பா சௌக்கியமா, அம்மா சௌக்கியமா, மாமன்மார் எப்படி, மழை எப்படி, ஆடு எப்படி, நாய் எப்படி. அதன் பிறகு அவர் வீட்டு நலம். அப்புறம்தான் வந்த காரியம். கீழே ஒரு பட்டன், 'நேரா சண்டைக்கு' என்று.

வெர்னர் அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பட்டனை அமுக்கச் சொல்லி நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது.

"இருங்க. எங்கம்மா எப்படி இருக்காங்கன்னு கேக்கறாரு. ஆஸ்பத்திரியில கிடக்கறாங்கன்னு சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஒற்றை விரலால் பதிலைத் தட்டிக்கொண்டிருந்தான். எத்தனையோ வருஷமாக எங்கள் வாசல்களில் சிலிண்டர் இறக்குகிறான். அவனுக்கு ஒரு அம்மா உண்டு என்பதே அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அடுப்பில் விறகு மாற்றினார்கள். ஒருவர் குறட்டையே விட்டார். திரையில் குதிரைக்காரர் தன் பெண்டாட்டியின் பல்வலியைச் சொல்ல, இவன் உச்சுக்கொட்டிக் கேட்டான்.

எல்லாம் முடிந்த பிறகு குதிரைக்காரர் குரலைத் தாழ்த்தினார். ஸ்பானியர்கள் ஆற்றைத் தாண்டுகிறார்கள், இந்தக் கரையில் நாங்கள் காத்திருக்கிறோம், உன்னையும் நம்பித்தான் வந்தேன் என்றார். வெர்னருக்கு ஒரு குதிரை வந்தது, ஒரு ஈட்டி வந்தது. போன்ச்சோ அப்படியே இருந்தது. தலையில் தொப்பி ஏறவே இல்லை.

நாங்கள் யாருமே அதுவரை பார்த்திராத கட்டம் அது.

தோன் அன்செல்மோ துள்ளி எழுந்தார்.

"பாத்தீங்களா? நம்ம ரத்தத்துக்கு இரும்புத் தொப்பி, கேஸ்காரனுக்கு நம்ம போன்ச்சோ. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும்? வேண்டாங்கறவங்க கை தூக்குங்க."

அப்போதுதான் ரெல்மு எழுந்தாள்.

"பெரியப்பா, உங்க உடம்பு எப்படி இருக்கு? பெரியம்மாவுக்கு முட்டிவலின்னு சொன்னாங்களே, இப்ப..."

"அதெல்லாம் எதுக்குடி இப்போ? நேரா விஷயத்துக்கு வா."

"இதே பட்டனைத்தான் பெரியப்பா நீங்க ஒவ்வொரு தடவையும் அமுக்கினீங்க. என் ஆட்டத்துக்கு ரத்தமெல்லாம் பாக்கத் தெரியாது. வாசலுக்கு வந்தவன் சொல்றதைக் கேக்கப் பொறுமையில்லாதவன் தலையில அது தொப்பியை வச்சிடும். அவ்வளவுதான்."

வேண்டாமென்று ஒரு கைகூட மேலே எழவில்லை. எல்லாக் கைகளும் அவரவர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தன.