திரும்பிக்கூடப் பார்க்காமல்

பனி ஹாக்கி முன்கள வீரர் ஒருவரின் மட்டைக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டத்துக்கு முன் அவரே உட்கார்ந்து அதற்குக் கறுப்பு டேப் சுற்றி, முத்தமும் கொடுப்பார்.

"நான் இல்லாட்டி இவருக்கு கோல் ஏது?" என்று அவருடைய ஹெல்மெட்டிடம் கேட்டது.

"உனக்கு முன்னாடி இருந்த மட்டையும் இதைத்தான் சொல்லிச்சு," என்றது ஹெல்மெட்.

அன்று ஓங்கி அடித்ததில் மட்டை முறிந்தது. முறிந்த மட்டையோடு ஆடக் கூடாது என்பது விதி. வீரர் அதைப் பனியிலேயே போட்டுவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டினார். புது மட்டை வந்தது. பழையதை பெஞ்சுக்குப் பின்னால் இருந்த குப்பைத் தொட்டியில் செருகினார்கள்.

சற்று நேரத்தில் எதிரணிக்காரன் மோதி வீரரின் முழங்கால் நொறுங்கியது. தூக்கிவந்து குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் கிடத்தினார்கள்.

"பன்னிரண்டு வருஷமா ஆடறேன். சீக்கிரம் எழுந்துடுவேன் சார்," என்றார் பயிற்சியாளரிடம்.

பயிற்சியாளர் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, பெஞ்சில் இருந்த அடுத்தவனின் தோளைத் தட்டினார்.